லேண்டிங் முடிஞ்சதும் பிரேக் சூடாயிடுச்சுன்னு நிறுத்தி வெச்சாங்க, அது உண்மையிலயே சின்ன விஷயந்தானா?

வணக்கம் சகோதரி. உங்க லெட்டர் நீளமா இருந்துச்சு, மத்தவங்களுக்கும் புரியணும்ல, அதனால முதல்ல சுருக்கி சொல்லிட்டு அப்புறம் பதிலுக்கு வர்றேன். நீங்களும் அம்மாவும் போன ஏ320 விமானம் நல்லபடியாதான் இறங்கியிருக்கு. ரன்வேய விட்டு வெளிய வந்து டாக்ஸி பண்ணிட்டு, அதாவது தரையில உருண்டு போகும்போது கருகுற மாதிரி ஒரு வாடை, உங்க ஜன்னல் பக்கம் லேசா புகை, உடனே டாக்ஸிவேயிலேயே வண்டிய நிறுத்திட்டாங்க. கேப்டன் பிரேக் கொஞ்சம் சூடாயிருக்கு, சின்ன விஷயம்தான், ஃபயர் டீம் பாத்துட்டதும் கிளம்பிடலாம்னு சொன்னவர் அப்புறம் இருபது நிமிஷத்துக்கு மேல வாயே திறக்கல. சுத்தி ஃபயர் வண்டி வந்து நிக்குது, அம்மாவுக்கு கை நடுங்குது, நாலஞ்சு பேர் எழுந்து பேக எடுக்க ஆரம்பிச்சுட்டாங்க, ஒருத்தர் கதவ திறங்கன்னு சத்தம் போட்டிருக்காரு. கடைசில படிக்கட்டு கொண்டு வந்து பஸ்ல ஏத்தியிருக்காங்க. அடுத்து நீங்க ஏற வேண்டியதும் அதே விமானம்தான், நாலு மணி நேரம் லேட், ஏறினப்புறம்தான் ஒரு பிரேக்க டீஆக்டிவேட் பண்ணிட்டு கிளம்புறாங்கன்னு காதுல விழுந்திருக்கு.

நீங்க கேட்டது மூணு கேள்வி. சின்ன விஷயம்னா எதுக்கு அத்தன ஃபயர் வண்டி? பெரிய விஷயம்னா ஏன் எங்கள உடனே இறக்கல? ஒரு பிரேக் வேல செய்யாம எங்கள ஏத்திட்டு பறந்தது நியாயமா? கடைசியில அம்மாவோட ரிட்டர்ன் டிக்கெட்ட கேன்சல் பண்ணிடவான்னும் கேட்டிருந்தீங்க.

நான் லைன் மெயின்டனன்ஸ்ல இருக்க இன்ஜினியர், அதாவது ஃபிளைட் வந்து நின்னதும் கீழ இருந்து முதல்ல சக்கரத்த பாக்குற ஆளு. நீங்க சொன்னத வெச்சு பாத்தா அது சின்ன விஷயம்தான், கேப்டன் பொய் சொல்லல. ஆனா அது சின்னதாவே முடிஞ்சதுக்கு காரணம் நீங்க எரிச்சல்பட்ட அதே விஷயங்கதான், டாக்ஸிவேயில நிறுத்துனது, ஃபயர் வண்டிய கூப்பிட்டது, அவசரப்படாம காத்திருந்தது, அப்புறம் அந்த நாலு மணி நேரம். இத கொஞ்சம் விவரமா சொல்லிடுறேன், ஏன்னா காரணம் தெரியாம உக்காந்திருக்கறதுதான் பயத்த ஜாஸ்தி ஆக்குது.

முதல்ல அந்த சூடு எங்க இருந்து வருதுன்னு பாப்போம். ஏ320 மாதிரி ஒரு விமானம் இறங்கும்போது சுமார் 64 டன் எடை, தரையத் தொடும்போது மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம்னு வெச்சுக்கோங்க, அதோட இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 14 கோடி ஜூல் வரும். சாதாரணமா இருக்க 480 லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கிற அளவு ஆற்றல் அது, அத அரை நிமிஷம் முக்கா நிமிஷத்துக்குள்ள எங்கயாவது கொட்டியாகணும். எஞ்சின் காத்த முன்பக்கமா திருப்பி தள்ளுற ரிவர்ஸ் த்ரஸ்ட் கொஞ்சம் வாங்கிக்கும், இறக்கை மேல எழும்புற ஸ்பாய்லரும் காத்தும் கொஞ்சம் வாங்கிக்கும், மிச்சமெல்லாம் பிரேக்குக்குதான் போகுது. அதுலயும் மூக்கு பக்கத்து சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது, பின்னாடி இருக்க மெயின் கியர்ல, அதாவது ரெண்டு பெரிய கால்லயும் சேத்து நாலு சக்கரம், அந்த நாலுதான் எல்லாத்தையும் தாங்குது.

ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளயும் கார்பன் தட்டுங்கள அடுக்கி வெச்சிருப்பாங்க. ஒண்ணு விட்டு ஒண்ணு சக்கரத்தோட சேந்து சுத்தும், நடுவுல இருக்கறது சுத்தாம நிக்கும், பைலட் பெடல மிதிச்சா ஹைட்ராலிக் பிஸ்டன் மொத்த அடுக்கையும் சேத்து அழுத்தும். உரசி உரசி வேகம் எல்லாம் சூடா மாறும். கார்பனுக்கு சூடு ஒரு பிரச்சனையே இல்ல, ஆயிரம் டிகிரிக்கு மேல போனாலும் தாங்கும், சொல்லப்போனா நல்லா சூடானாதான் நல்லா பிடிக்கும். பிரச்சனை அதச் சுத்தி இருக்கறதுலதான், டயர் ரப்பர், அலுமினிய வீல், ஆக்ஸில் கிரீஸ், ஹைட்ராலிக் ஆயில், இதுங்க எல்லாம் கார்பன் அளவுக்கு சூடு தாங்காது. அதனால ஒவ்வொரு பிரேக்லயும் ஒரு டெம்பரேச்சர் சென்சார் இருக்கு, ஏ320-ல எதாவது ஒண்ணு 300 டிகிரிய தாண்டுச்சுன்னா காக்பிட் ஸ்க்ரீன்ல பிரேக்ஸ் ஹாட்னு எச்சரிக்கை வந்துடும். 300-ங்கறது ஆபத்துக்கான எல்லைன்னு நினைச்சுடாதீங்க, இனிமே கவனிச்சு நடந்துக்கோன்னு சொல்ற எல்லை. வெயில் நேரத்துல, ஃபுல் லோடோட, சின்ன ரன்வேயில இறங்கினா சாதாரண லேண்டிங்லயே அத தாண்டுறது உண்டு.

உங்க அம்மா கேட்டதா எழுதியிருந்தீங்கல்ல, நல்லாத்தான இறங்குச்சு, ரன்வேயில ஒண்ணும் ஆகலையே, அஞ்சு நிமிஷம் கழிச்சு எப்படி திடீர்னு சூடாகும்னு, ரொம்ப சரியான கேள்வி. லேண்டிங் முடிஞ்ச உடனே ஸ்க்ரீன்ல காட்டுற சூடு உச்சம் இல்ல. சூடு முதல்ல கார்பன் அடுக்குக்குள்ள இருக்கும், அங்க இருந்து மெதுவா வெளிய பரவி சென்சாருக்கு வந்து சேர நேரம் எடுக்கும். ஓடும்போது அடிக்கிற காத்தும் நின்னதும் போயிடும். அதனால வண்டி நின்னு பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சுதான் டெம்பரேச்சர் உச்சத்துக்கு போகும், வீல் ரிம்முக்கும் டயருக்கும் சூடு போய் சேர இன்னும் நேரமாகும். டாக்ஸி பண்ணும்போது மறுபடி மறுபடி பிரேக் மிதிச்சா அதுவும் மேல மேல ஏறும், அதனாலதான் கார்பன் பிரேக் இருக்க விமானத்துல வேகம் 30 நாட்ட, அதாவது மணிக்கு சுமார் 55 கிலோமீட்டர தாண்டுனா ஒரே மிதியில 10 நாட்டுக்கு கொண்டு வந்துட்டு காலை எடுத்துடுன்னு பைலட்டுங்களுக்கு சொல்லிக் கொடுக்கறாங்க. கார்பன் தேய்மானமும் எத்தன தடவ மிதிக்கிறோம்ங்கறத பொறுத்ததுதான், எவ்ளோ பலமா மிதிக்கிறோம்ங்கறத அவ்வளவா பொறுத்தது இல்ல.

அப்போ வாடையும் புகையும்? வாடை வந்தது ஏசி வழியா, வெளிய இருக்க காத்தத்தான் எஞ்சினோ வால்ல இருக்க ஏபியூங்கற சின்ன எஞ்சினோ இழுத்து உள்ள அனுப்புது, பிரேக் பக்கத்து வாடையும் அதோட சேந்து வந்துடும். புகைக்கு பல நேரம் ரொம்ப சாதாரண காரணம்தான் இருக்கும், ஆக்ஸில்ல வழிஞ்ச கிரீஸ், விமானத்த கழுவின லிக்விட் பிரேக் மேல ஒட்டியிருந்தது, புதுசா மாட்டுன பிரேக், இப்படி. புகை மட்டும் வந்தா அது நெருப்பு இல்ல. ஆனா புகைக்கு பின்னாடி ஹைட்ராலிக் ஆயில் கசிவு இருக்கா இல்ல வெறும் கிரீஸான்னு காக்பிட்ல உக்காந்துட்டு யாராலயும் சொல்ல முடியாது, ஏன்னா அங்க இருந்து சக்கரமே தெரியாது. அவங்களுக்கு கண்ணு வேணும், அந்த கண்ணுதான் ஃபயர் டீம். சூட்ட காட்டுற தெர்மல் கேமராவோட வந்து எந்த சக்கரம், எவ்ளோ சூடு, கசிவு இருக்கா, டயர்ல காத்து இருக்கான்னு பாத்து ரேடியோவுல சொல்வாங்க. அத்தன வண்டி வந்தத பாத்து பயந்துட்டீங்க, புரியுது. ஆனா அவங்க ஹோஸ பிடிச்சிட்டு ஓடி வரல, வண்டிய தள்ளி நிறுத்திட்டு நிதானமா நடந்து வந்தாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் நீங்க கவனிச்ச ரொம்ப முக்கியமான விஷயம்.

அந்த நடையிலயும் ஒரு முறை இருக்கு. விமான டயர்ல சுமார் 200 பி.எஸ்.ஐ அழுத்தத்துல நைட்ரஜன் அடைச்சிருக்கும். சூட்டுல வீல் உடைஞ்சா துண்டுங்க ஆக்ஸில் நீளுற திசையில, அதாவது ரெண்டு பக்கவாட்டுலதான் பறக்கும். அதனால சூடான சக்கரத்துகிட்ட நேர் முன்னாடி இருந்தோ நேர் பின்னாடி இருந்தோதான் போகணும், பக்கவாட்டுல போகவே கூடாது. நெருப்பு இல்லன்னா தண்ணியையும் பீச்சி அடிக்க மாட்டாங்க, கொதிக்கிற உலோகத்துல ஒரு இடம் மட்டும் சட்டுனு குளிர்ந்தா வீல் விரிசல் விடலாம். தானா ஆறட்டும்னு விடறதுதான் முறை. டயர் வெடிக்காம இருக்க வீல்ல இன்னொரு ஏற்பாடும் இருக்கு, ஃப்யூஸ் ப்ளக்னு சொல்வோம், வீல் ஒரு அளவுக்கு மேல சூடாச்சுன்னா அந்த சின்ன ப்ளக் உருகி காத்த மெதுவா வெளிய விட்டுடும். டயர் தட்டையாயிடும், வெடிக்காது. இத படிக்கிறவங்கள்ல ராம்ப்ல, அதாவது விமானம் நிக்கிற இடத்துல லோடிங், கிளீனிங் வேல பாக்குற தம்பி தங்கச்சிங்க இருந்தா உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன், புகை வர சக்கரத்த பாத்தா கிட்ட போய் எட்டிப் பாக்காதீங்க, செல்ஃபோன்ல படம் எடுக்க பக்கவாட்டுல நிக்காதீங்க, இன்ஜினியர் சரின்னு சொல்ற வரைக்கும் அந்த பக்கமே வேண்டாம், லோடிங் லேட்டானா ஆகட்டும்.

சரி, உங்க ரெண்டாவது கேள்வி, ஏன் உடனே இறக்கல. இதுல எனக்கு உறுதியான கருத்து இருக்கு, நெருப்பு இல்லாதப்ப ஸ்லைட திறந்து மக்கள இறக்குறது, உள்ள உக்கார வைக்கறத விட ஆபத்து. ஸ்லைட்ல சறுக்கி இறங்கும்போது கணுக்கால் முறியும், தோல் உரிஞ்சு போகும், பின்னாடி வரவங்க மேல விழுவாங்க, உங்க அம்மா வயசுல இருக்கவங்களுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சா அது வாழ்க்கைய மாத்திடும். இன்னொரு விஷயம் யாரும் யோசிக்கறது இல்ல. ஏ320-ல இறக்கை மேல இருக்க எமர்ஜென்சி எக்ஸிட் வழியா போனா இறக்கைக்கு பின்பக்கமா சறுக்கி இறங்குவீங்க, அது மெயின் சக்கரத்துக்கு ரொம்ப தூரம் இல்ல. அதாவது எந்த சக்கரத்துகிட்ட பயிற்சி எடுத்த ஃபயர்மேனே பக்கவாட்டுல போகக்கூடாதோ, அதுக்கு பக்கத்துல குழந்தையும் குட்டியுமா நூத்துக்கணக்கான பேர் சிதறி ஓடுவாங்க. அதனால கேப்டன் என்ன பண்றாருன்னா, நெருப்புன்னு சொன்னா அந்த நொடியே இறக்க தயாரா இருக்காரு, அது வரைக்கும் உக்கார வைக்கிறாரு. கேபின் க்ரூ கதவு பக்கத்துல நின்னுட்டிருந்தாங்கன்னு எழுதியிருந்தீங்க, ஏன் எங்ககிட்ட வந்து ஆறுதல் சொல்லலன்னு வருத்தப்பட்டிருந்தீங்க, அவங்க அந்த இடத்த விட்டு நகரக் கூடாதுங்க. ஆர்டர் வந்தா உடனே கதவ திறக்கணும், மொத்த விமானத்தையும் பாதி கதவுகள மட்டும் வெச்சு 90 செகண்டுல காலி பண்ண முடியும்னு டெஸ்ட்ல காட்டினாதான் அந்த டைப் விமானத்துக்கு அனுமதியே கிடைக்கும்.

அந்த 90 செகண்ட் கணக்க உடைக்கறது யாருன்னா எழுந்து நின்னு பேக எடுத்த அந்த நாலஞ்சு பேருதான். நெருப்புன்னு ஆர்டர் வந்திருந்தா, நடைபாதையில பெட்டியோட நிக்கறவங்கள தள்ளிட்டு உங்க அம்மா எப்படி போயிருப்பாங்க? இதுல எனக்கு கோவம் வருது, மறைக்க விரும்பல. பயத்துல கத்துறது மனுஷ சுபாவம், அத நான் குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா அந்த நேரத்துல மேல இருந்து பெட்டிய இறக்குறது பக்கத்துல இருக்கவங்க உசுரோட சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனா ஒரு விஷயத்துல நான் உங்க பக்கம். இருபது நிமிஷம் மைக்ல பேசாம இருந்தது தப்பு. அந்த நேரத்துல காக்பிட்ல செக்லிஸ்ட், டவர், ஃபயர் டீம், கம்பெனி ஆபீஸ்னு நாலு பக்கமும் பேச்சு நடந்துட்டிருக்கும்தான், இருந்தாலும் "ஃபயர் டீம் பாத்துட்டாங்க, நெருப்பு இல்ல, சூடு இறங்க இன்னும் அரை மணி நேரம் ஆகும், அது வரைக்கும் உக்காந்திருங்க"ன்னு ஒரு வரி போதும், பாதி பேர் எழுந்தே இருக்க மாட்டாங்க. ஏர்லைனுக்கு கம்ப்ளெயின்ட் எழுதப் போறேன்னு சொன்னீங்கல்ல, தாராளமா எழுதுங்க, ஆனா நிறுத்தி வெச்சதுக்காக எழுதாதீங்க, தகவல் சொல்லாததுக்காக எழுதுங்க.

இப்போ கடைசி கேள்வி, நாலு மணி நேரமும் டீஆக்டிவேட் பண்ண பிரேக்கும். இங்கதான் நிறைய பேருக்கு தெரியாத விஷயம் இருக்கு, சூடான பிரேக் தரையில நிக்கும்போது அவ்வளவா பயமில்ல, அந்த சூட்டோட மறுபடி மேல கிளம்புனாதான் பயம். டேக்ஆஃப் ஆனதும் சக்கரம் மடங்கி வயித்துக்குள்ள போய் கதவு மூடிக்கும், உள்ள காத்தோட்டம் இல்ல, பக்கத்துல ஹைட்ராலிக் பைப்பு, ஒயரு. 1963 செப்டம்பர் 4-ஆம் தேதி ஸ்விஸ் ஏர் 306, ஜூரிச்ல இருந்து கிளம்புன கேரவெல் விமானம், மூடுபனிய விலக்குறதுக்காக எஞ்சின நல்லா முடுக்கி, பிரேக்க பிடிச்சுட்டே ரன்வேயில ஓட்டியிருக்காங்க, பிரேக் கடுமையா சூடாகி, அதுல ஆரம்பிச்ச தீ மேல போனப்புறம் பெருசாகி, விமானம் ட்யூரெனாஷ் கிராமத்துகிட்ட விழுந்து 80 பேர் இறந்தாங்க. 1986 மார்ச் 31-ஆம் தேதி மெக்சிகானா 940, ஒரு போயிங் 727, மெக்சிகோ சிட்டியில இருந்து கிளம்பினது, பிரேக் பிடிச்சுகிட்டே இருந்து சூடாகி, நைட்ரஜனுக்கு பதிலா சாதா காத்து அடைச்சிருந்த டயர் மேல போனப்புறம் வெடிச்சு, எரிபொருள் பைப்பும் ஹைட்ராலிக் பைப்பும் கிழிஞ்சு 167 பேர் இறந்தாங்க. அதுக்கு அடுத்த வருஷம், 1987-ல, அமெரிக்காவோட அரசு விமானத்துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ. பெரிய விமானங்களோட பிரேக் இருக்க வீல் டயர்கள்ல நைட்ரஜன்தான் இருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு.

உங்கள பயமுறுத்த இத எழுதல. அந்த ரெண்டு விபத்துலயும் சூடோட கிளம்பிட்டாங்க, உங்க விமானத்த கிளம்ப விடல. ஏ320-ல பிரேக் 300 டிகிரிக்கு கீழ இறங்காம டேக்ஆஃப் பண்ணக் கூடாது, பிரேக் ஃபேன் ஓடிட்டிருந்தா அந்த எல்லை இன்னும் கீழ, 150 டிகிரி, ஏன்னா ஃபேன் காத்துல சென்சார் சீக்கிரம் ஆறிடும், உள்ள கார்பன் இன்னும் சூடாவே இருக்கும், அந்த ஏமாத்துற ரீடிங்க நம்பிடக்கூடாதுன்னுதான் அப்படி.

வெறும் சூடு ஆறறதுக்கு மட்டும் நாலு மணி நேரம் எடுக்காது, மிச்ச நேரம் எங்க வேலை. விமானம் வந்ததும் சக்கரத்துக்கு முட்டு, அதாவது சாக் வெச்சுட்டு பார்க்கிங் பிரேக்க ரிலீஸ் பண்ண சொல்லுவோம், பிரேக்க பிடிச்ச மாதிரியே விட்டா தட்டுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நின்னு சூடு வெளிய போகாது, பிஸ்டன் பக்கமும் சூடேறும். அப்புறம் நாலு பிரேக்கோட டெம்பரேச்சரையும் பக்கத்து பக்கத்துல வெச்சு பாப்போம், பாதி கதைய அந்த நாலு நம்பரே சொல்லிடும். நாலும் ஒரே மாதிரி ஏறியிருந்தா பிரேக்ல கோளாறு இல்ல, லேண்டிங்ல பிரேக் அதிகமா பிடிச்சிருக்காங்க, அவ்ளோதான். ஒண்ணு மட்டும் ரொம்ப மேல இருந்தா அது காலை எடுத்தப்புறமும் விடாம உரசிட்டிருக்குன்னு சந்தேகப்படணும். இதுல மாட்டிக்கற இடம் மூணாவது, ஒண்ணு மட்டும் சில்லுனு இருந்து மத்தது சூடா இருந்தா, சூடானது நல்ல பிரேக், சில்லுனு இருக்கறதுதான் வேலையே செய்யல, அதோட பாரத்தையும் சேத்து மத்ததுங்க சுமந்திருக்கு. ஒரே கியர்ல இருக்க ரெண்டு பிரேக்குக்கு நடுவுல 150 டிகிரிக்கு மேல வித்தியாசம் வந்தா நாங்க அத சாதாரணமா விட மாட்டோம். சென்சாரே பொய் சொல்லலாம், அதையும் பாக்கணும்.

அதுக்கப்புறம் ஃப்யூஸ் ப்ளக், டயர், ஹைட்ராலிக் கசிவு, எல்லாம் பாப்போம். பிரேக்ல ஒரு சின்ன பின் நீட்டிட்டிருக்கும், பிரேக் பிடிச்ச நிலையில அது எவ்ளோ வெளிய தெரியுதோ அவ்ளோ கார்பன் மிச்சம். தேவப்பட்டா ஜாக் போட்டு தூக்கி சக்கரத்த கையால சுத்திப் பாப்போம், சிரமமில்லாம சுத்துதான்னு. எல்லாம் டெக் லாக்ல, அதாவது விமானத்தோட கோளாறு பதிவேட்டுல எழுதி கையெழுத்து போடணும், கையெழுத்து போட்ட இன்ஜினியரோட லைசென்ஸ் அதுக்கு ஜாமீன்.

உங்க கேஸ்ல ஒரு பிரேக்க டீஆக்டிவேட் பண்ணாங்கன்னா, அந்த ஒண்ணுல கோளாறுன்னு முடிவு பண்ணி, மாத்துறதுக்கு அங்க பார்ட்டோ நேரமோ இல்லாம, அதுக்கு போற ஹைட்ராலிக் லைன அடைச்சுட்டு, சக்கரம் லேசா சுத்துதான்னு உறுதி பண்ணிட்டு விட்டிருக்காங்க. இது அவங்களா நினைச்சு பண்ணது இல்ல. எம்.இ.எல்.னு ஒரு புத்தகம் இருக்கு, எந்தெந்த பாகம் வேல செய்யலன்னா எந்த நிபந்தனையில, எத்தன நாளைக்கு பறக்கலாம்னு அரசாங்க விமானத்துறை ஒப்புதலோட எழுதி வெச்சது. சில ஐட்டத்துக்கு 3 நாள், சிலதுக்கு 10 நாள்னு கெடு, அதுக்குள்ள சரி பண்ணியே ஆகணும். ஒரு பிரேக் கம்மின்னா நிக்கறதுக்கு அதிக தூரம் வேணும், அதுக்கேத்த மாதிரி டேக்ஆஃப் எடை, ரன்வே நீளம் எல்லாம் புதுசா கணக்கு போட்டு, இந்த எடையில இந்த ரன்வேக்கு சரிப்படும்னு வந்தாதான் கிளம்ப முடியும். கணக்கு சரியா வந்தாலும் மழை, வழுக்குற ரன்வேன்னு காரணம் சொல்லி நான் எடுத்துட்டு போக மாட்டேன்னு கேப்டன் மறுக்கலாம், அந்த உரிமை அவருக்கு முழுசா இருக்கு.

பிரேக்குங்கள எந்த அளவுக்கு சோதிக்கிறாங்கன்னும் உங்களுக்கு தெரியணும். புது டைப் விமானத்துக்கு அனுமதி வாங்கும்போது கிட்டத்தட்ட தேஞ்சு முடிஞ்ச பிரேக்க மாட்டி, முழு எடையோட, டேக்ஆஃப் வேகத்துக்கு போய், ரிவர்ஸ் த்ரஸ்ட் உதவி இல்லாம பிரேக்க வெச்சு நிறுத்திக் காட்டணும். பிரேக் செக்கச் செவேல்னு ஒளிரும், ஃப்யூஸ் ப்ளக் உருகி டயரெல்லாம் தட்டையாயிடும், அந்த நிலையில 5 நிமிஷம் ஃபயர் வண்டி கிட்டயே போகக் கூடாது. நிஜத்துல வண்டி வந்து சேர நேரமாகலாம்ல, அது வரைக்கும் தீ பரவாம தாங்குதான்னு பாக்கறாங்க. அதோட ஒப்பிட்டா உங்க விமானத்து பிரேக் பட்டது ரொம்ப கொஞ்சம்.

எது சின்ன விஷயம் இல்லன்னும் சொல்லிடணும். சக்கரத்துல தழல் தெரிஞ்சா, ஆயில் சொட்டி அது மேல விழுந்தா, லேண்டிங்ல விமானம் ஒரு பக்கமா இழுத்தா, பெடல் வழக்கத்துக்கு மாறா ஆழமா போச்சுன்னா, இல்ல ஒரே விமானத்துல ஒரே பிரேக் அடுத்தடுத்த ஃபிளைட்லயும் சூடுன்னு எழுதப்பட்டா, அது எங்கள தூங்க விடாத விஷயம். கடைசியா சொன்னதுதான் என்னைப் பொறுத்தவரைக்கும் ரொம்ப மோசம், ஏன்னா ஒவ்வொரு தடவையும் ஆறிடுச்சு, சரியாயிடுச்சுன்னு எழுதி அனுப்பிட்டா யாரும் முழுசா பாக்காமலே போயிடும். பைலட் தம்பிங்க யாராவது இத படிச்சா, ஸ்க்ரீன்ல வந்து தானா மறைஞ்ச எச்சரிக்கையா இருந்தாலும் டெக் லாக்ல எழுதுங்க, எந்த சக்கரம், எத்தன டிகிரி, எப்போன்னு நம்பரோட எழுதுங்க, அடுத்த ஸ்டேஷன்ல இருக்க இன்ஜினியருக்கு அந்த ஒரு வரிதான் கண்ணு.

அம்மாவோட டிக்கெட்ட கேன்சல் பண்ணாதீங்க. அவங்க பயம் நியாயமானது, அத சும்மா பயப்படாதம்மான்னு சொல்லி அடக்காதீங்க, இங்க எழுதினத அவங்களுக்கு பொறுமையா படிச்சு காட்டுங்க. மறுபடி இப்படி வாடையோ புகையோ வந்தா, கூப்பிடுற பட்டன அழுத்தி எந்த பக்கம், எத்தனாவது வரிசை, புகையா தழலான்னு மட்டும் க்ரூகிட்ட சொல்லுங்க, அந்த தகவல் நேரா காக்பிட்டுக்கு போகும், கேப்டனுக்கு உண்மையிலயே உதவும். சீட் பெல்ட் போட்டபடியே இருக்கட்டும், செருப்பு கால்ல இருக்கட்டும், மாத்திரையும் பாஸ்போர்ட்டும் மட்டும் ஒரு சின்ன பையில போட்டு உடம்போட மாட்டிக்க சொல்லுங்க, இறங்கச் சொன்னா மேல இருக்க பெட்டிய நினைக்க வேண்டிய அவசியமே வராது. அம்மாவுக்கு மூட்டு வலின்னு எழுதியிருந்தீங்க, டிக்கெட் போடும்போதே அத சொல்லிடுங்க, ஏறும்போது க்ரூகிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைங்க, அவசரத்துல யாருக்கு கை கொடுக்கணும்னு அவங்க முன்கூட்டியே மனசுல குறிச்சு வெச்சுக்குவாங்க.